இருட்டைப் பார்த்து வயிறு எரிந்த கதை

லைட்டு கட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, எதை எப்படிக் கட்டுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கையே கற்றுக்கொள்ளும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வயிற்றெரிச்சலைப் பற்றி. நம் தொழிலில் ஷாக் அடித்துக் கெட்டவர்களைவிட வயிறு எரிந்து கெட்டவர்கள் அதிகம். நான் பார்த்த முதல் ஆள் நானே.

போன சித்திரையில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். அரக்கோணம் ரோட்டில் எங்கள் சவுண்ட் சர்வீஸ் குடோனுக்குப் போயிருந்தேன். நான் வேலையை விட்டு நாலு வருடமாகிறது. இப்போது என் அக்கா மகன் தேவராஜ்தான் நடத்துகிறான். இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு தடவை போய் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் நான் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை.

அன்றைக்கு தேவராஜ் ஒரு எல்.இ.டி. சுவர் வாங்கி இறக்கியிருந்தான். கைமாறிய சரக்கு. பலகை பலகையாக அடுக்கி, பத்தடி உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். இந்த மாதிரிச் சுவரைச் சோதிக்க எல்லாரும் ஏதாவது ஒரு வெளிநாட்டு ராக் கச்சேரிப் படத்தைத்தான் ஓட்டுவார்கள். நிறமும் நிழலும் அதில்தான் பளிச்சென்று தெரியும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். பேசாமல் எழுந்து போயிருக்கலாம்.

சுவரில் படம் ஓடியது. பெரிய மைதானம். ஆடிக் கிருத்திகைக்கு நம் மலைக் கோயிலில் சேருகிற கூட்டத்தை அப்படியே ஒரு கிண்ணத்தில் கொட்டியதுபோல் ஜனம். நடுவில் நாலு பேர் கிடார் வைத்துக்கொண்டு கத்தினார்கள். ஒரு வரி புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. தலைக்கு மேலே ஒரு இரும்புக் கூடு, அது முழுக்க லைட்டு. பாட்டு ஏறியதும் கூடு அப்படியே சிலந்தி மாதிரி இறங்கியது. லைட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பின. வயலில் கொக்குக் கூட்டம் திரும்புமே, அப்படி. தரையிலிருந்து நெருப்பு சீறியது. மேடை இரண்டாகப் பிளந்து நடுவிலிருந்து ஒரு பாலம் எழுந்தது. பாடுகிறவன் அதில் ஏறி ஜனத்தின் தலைக்கு மேலே நடந்து போனான்.

மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் குறை தேடினேன்.

"அந்தப் பாலத்துல கைப்புடியே இல்லியேடா. வழுக்கினா இன்னா ஆவறது?"

"மாமா, பாட்டப் பாருங்க" என்றான் தேவராஜ்.

"நெருப்பு பக்கத்துலயே ஒயரு போவும்."

"எங்க போவுது? ஒரு ஒயராவது உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

தெரியவில்லை. அதுதான் முதல் எரிச்சல். நாம் ஒரு டியூப் லைட்டைக் கட்டினாலே ஒயர் மாலை மாதிரித் தொங்கும். இவர்கள் ஒரு மலையையே கட்டியிருக்கிறார்கள், ஒரு ஒயரைக் காணோம். விடாமல் தேடினேன். கடைசியில் கிடைத்தது. மேலே இடது மூலையில் ஒரு புள்ளி, மற்றதெல்லாம் சிவப்பாகியும் நீலமாகியும் அது மட்டும் பச்சையாகவே நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது!

"தோ பாரு! தோ பாரு! ஒரு லைட்டு நெறம் மாறல! அங்கயும் நம்மளமாதிரி பசங்கதான் வேல செய்றானுங்க!"

தேவராஜ் எழுந்து போய் அந்த மூலையில் விரலால் தட்டினான். "மாமா, இது அவங்க லைட்டு இல்ல. நம்ம பலகையில ஒரு புள்ளி செத்துப் பூட்டுது."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது ஸ்டெல்லா. லைட்டு கன்ட்ரோலில் உட்காருகிற பெண். வயது இருபத்தைந்து. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு லைட்டு போட்டுப் பழகி, தேவராஜிடம் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் எல்லா ஊரிலும் "அந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். என்னை அப்படிக் கேட்க பதினைந்து வருடம் ஆனது.

பிறகு அது நடந்தது. பாட்டு உச்சியில் இருக்கும்போது எல்லாம் அணைந்தது. கூடு, மேடை, பாலம், மைதானம், எல்லாம். என் கை தானாக மேலே போய் மெயின் சுவிட்சைத் தேடியது.

"கரண்ட் பூடுச்சா?" என்று கேட்டே விட்டேன்.

சுவர்தான் கருப்பாக இருந்தது. ஸ்பீக்கரில் ஜனத்தின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பயந்த சத்தம் இல்லை அது. பலகாரத் தட்டு வருவதைப் பார்த்த பிள்ளைகளின் சத்தம். ஒருத்தர்கூட "டேய் லைட்டு!" என்று கத்தவில்லை. அப்புறம் மேலிருந்து ஒரே ஒரு வெள்ளைக் கோடு இறங்கி, பாடுகிறவன் தலையைத் தொட்டது.

ஸ்டெல்லா படத்தைப் பின்னால் இழுத்து அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினாள். மூன்று தடவை. நெருப்பைத் திரும்பப் பார்க்கவில்லை, பாலத்தைப் பார்க்கவில்லை. இருட்டை மட்டும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே பார்த்தாள்.

அப்போதுதான் என் வயிறு உண்மையாக எரிந்தது. அந்த லைட்டுகளைப் பார்த்து எரியவில்லை. அதெல்லாம் காசு இருந்தால் கடையில் கிடைக்கும். நான் பொறாமைப்பட்டது அந்த இருட்டைப் பார்த்து. நம் பக்கத்தில் இருட்டு என்றால் கரண்ட் போனது என்று அர்த்தம். லைட்டு அணைந்த அடுத்த நொடி நம் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். அங்கே அத்தனை ஜனம் கண் தெரியாமல் நின்றுகொண்டு, அணைத்தவன் போடுவான் என்று நம்பிச் சிரிக்கிறது. அந்த நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது?

"அங்கிள், சத்திரத்துல இதப் பண்ணப் போறேன்" என்றாள் ஸ்டெல்லா.

கனகம்மாசத்திரத்தில் வைகாசியில் ஒரு அம்மன் திருவிழா, பாட்டுக் கச்சேரி, லைட்டு எங்களுடையது. "பாக்கலாம்" என்றேன். பெரியவர்கள் பாக்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

நாலு நாள் கழித்து விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் எனக்கு போன் செய்தார். எங்கள் சர்வீஸில் அவருக்குத் தெரிந்த ஆள் நான்தான்.

"இன்னாங்க, அந்தப் பொண்ணு கச்சேரி நடுவுல எல்லா லைட்டையும் அணைக்கப் போறேன்னு சொல்லிக்கினு கீது. ஒன்னும் ஆவாதா? நீங்க சரின்னா எங்களுக்கும் சரி."

நான் யோசிக்கவே இல்லை. "வாணாங்க. ஜனம் மிரளும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்ததும் மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிதான் என்னைக் கலக்கியது. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். என் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பயம் ஒரு நாளும் எனக்குக் குளிர்ச்சி கொடுத்ததில்லை. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே கேட்டாள்.

"இன்னா, அந்தப் பொண்ணு அணைக்கப் போவுதுன்னு உங்களுக்கு எரியுதா?"

"ஜனத்துக்கு ஒன்னு ஆயிடக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஆங், ஆங். ஜனத்துக்குத்தான்."

மறுநாள் காலை ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். கமிட்டிக்காரர் சொல்லியிருக்கிறார். கோபமாக வருவாள் என்று நினைத்து, அதற்குள் என் காரணங்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. காகிதத்தைப் படிக்கச் சொன்னாள்.

"ஒன்னு. மைதானத்துக்குக் கெழக்கால ஒரு கெணறு கீது."

"முந்தாநாளே போய்ப் பாத்தேன். இரும்பு வலை போட்டு மூடியிருக்காங்க. அது மேல ஒரு லைட்டு பேட்டரில தனியா எரியும். அத அணைக்க மாட்டேன்."

"ரெண்டு. மேற்கால திருப்பதி ரோடு. பஸ்ஸு லாரி எல்லாம் போய்க்கினே இருக்கும்."

"கயிறு கட்டறோம். நாலு ஆள் நிப்பாங்க."

"மூணு. ஜெனரேட்டரு."

"அத அணைக்கவே போறதில்ல அங்கிள். லைட்டு மட்டும்தான். ஒரு விரல்ல அணையும், ஒரு விரல்ல வரும்."

அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எல்லாம் சரியான பதில். தம்பிகளே, தங்கச்சிகளே, இதைக் கவனியுங்கள், இது எனக்குக் கிழவனான பிறகுதான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்வது பயமா, பொறாமையா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஒரு வழிதான் இருக்கிறது. எதிரே இருப்பவர் சரியான பதில் சொல்லும்போது உங்கள் வயிற்றைக் கவனியுங்கள். பயமாக இருந்தால் அடங்கும். பொறாமையாக இருந்தால் இன்னும் எரியும்.

எனக்கு மூன்றாவது பதிலிலேயே தாங்கவில்லை. காகிதத்தை மடித்தேன்.

"என்ன இருந்தாலும் வாணாம்னு தோணுது."

"தோணறதுக்கு நான் எங்க அங்கிள் லைட்டு கட்டறது?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அப்போது எனக்கும் அவள் வயதுதான். ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு ஊரில் தெப்பத் திருவிழா. முந்தின வருடம் புத்தூர்க்காரன் ஒருத்தன் ஓடுகிற சீரியல் லைட்டில் மயில் போட்டிருந்தான். ஊரே அந்த மயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. டீக்கடையில் மயில், குளத்தங்கரையில் மயில். எங்கள் முதலாளிக்கு அந்த மாதிரி ஜோடனை பிடிக்காது. ஜனம் நடக்கிற இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்பார். கரை முழுக்கப் பகல் மாதிரி அடிக்கிற மெட்டல் லைட்டு நாலு, தெப்பத்துக்கு ஒரு ஸ்பாட் லைட்டு. அத்தோடு சரி.

எனக்கு அந்த மயிலைக் கொல்ல வேண்டும். ஏழரை மணிக்கு, தெப்பம் குளத்து நடுவுக்கு வந்ததும், முதலாளியைக் கேட்காமல் நாலு மெட்டல் லைட்டையும் அணைத்தேன். ஸ்பாட் லைட்டு மட்டும் தெப்பத்தின் மேல். சாமி தண்ணீரில் தனியாக ஜொலித்தது. ஜனம் "ஆ" என்றது. ஒரே ஒரு மூச்சு நேரம் நான்தான் ராஜா.

அடுத்த மூச்சில் பின்னாலிருந்து "கரண்ட் பூடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஜனம் நகர ஆரம்பித்தது. எரிவது ஒரே லைட்டு, அது தண்ணீருக்கு மேலே. எல்லாரும் அதைப் பார்த்தே படியில் இறங்கினார்கள். நான் மெட்டல் லைட்டு சுவிட்சைத் தூக்கினேன். வரவில்லை. சூடாக இருக்கும்போது அணைத்தால் ஆறும்வரை அந்த லைட்டு திரும்ப எரியாது. பத்து நிமிடம்கூட ஆகும். அந்தக் காலத்தில் இது தெரியாத லைட்டுக்காரன் கிடையாது. எனக்கும் தெரியும். வயிறு எரிகிறவனுக்குத் தெரிந்தது எதுவும் ஞாபகம் வராது.

முதலாளி ஓடி வந்தார். அறைவார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் கை நேராக ஸ்பாட் லைட்டுக்குப் போனது. எரிந்துகொண்டிருந்த அந்த ஒற்றை லைட்டையும் அணைத்துவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் மைக்கைப் பிடித்தார்.

"கரண்டு போவல. நாங்கதான் அணைச்சோம். தப்பு எங்க மேல. நிக்கிற எடத்துலயே குந்துங்க. கொழந்தைய மடியில வெச்சிக்குங்க. பத்து நிமிசத்துல லைட்டு வரும். அதுவரைக்கும் நான் பேசிக்கினே இருப்பேன்."

சொன்னபடி பேசினார். அக்கம்பக்கத்து ஊர்ப் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, "வந்துகீறீங்களா?" என்று கேட்டார். இருட்டுக்குள்ளிருந்து "ஆங்" என்று அந்தந்த ஊர் பதில் சொன்னது. அம்மையார்குப்பம் என்றபோது ஒரு மூலையே "ஆங்" என்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்னாலேயே படியில் விழுந்தது ஒரே ஒரு அம்மா. மணிக்கட்டு முறிந்தது. தறி நெய்கிறவர். மூன்று மாதம் தறிக்குழியில் இறங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த அம்மா ஒரு தடவையும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முதலாளி அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான். "ஜனம் வெளிச்சத்தப் பாத்துதான் நடக்கும் நைனா. அதத் தண்ணி மேல வெச்சா தண்ணி மேலயே நடக்கும்."

"அதுக்கப்புறம் நான் ஒரு நாளும் முழுசா அணைச்சதில்ல" என்றேன் ஸ்டெல்லாவிடம். " முப்பது வருசத்துக்கு மேல ஆவுது. அந்தப் படத்துல அவன் அணைச்சான் பாரு, அதப் பாத்துதான் எனக்கு எரிஞ்சுது. நீ பண்ணப் போறேன்ன உடனே இன்னும் எரிஞ்சுது."

சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மைக்ல முன்னாடியே சொல்லணும். நான் அத யோசிக்கவே இல்ல." அப்புறம், "நீங்களே சொல்லுங்க அங்கிள். அணைக்கிறதுக்கு ஒரு ஆள் பொறுப்புன்னு தெரியட்டும்" என்றாள்.

அவள் எதிரிலேயே கமிட்டிக்காரருக்கு போன் செய்தேன். "நேத்து வாணாம்னு சொன்னேன் இல்லீங்களா, அது சரியில்ல. பண்ணட்டும். நான் மைக்ல நிக்கிறேன்." அவ்வளவு பேசுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

திருவிழா அன்று மத்தியானமே மைதானத்துக்குப் போய்விட்டேன். கிணற்று வலையை ஆட்டிப் பார்த்தேன். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கயிற்றுக்கு நின்ற நாலு பேரையும் சாப்பிட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டேன். ஸ்டெல்லா என்னைத் தடுக்கவில்லை. பயத்துக்கு வேலை கொடுத்துவிட வேண்டும், அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏழரை மணிக்கு, பாட்டு நடுவில் நின்றது. நான் மைக்கில் வந்தேன்.

"இப்ப எல்லா லைட்டையும் நாங்களே அணைக்கப் போறோம். கரண்டு போவல. எல்லாரும் குந்துங்க. கொழந்தைங்க கையப் புடிச்சிக்குங்க. அஞ்சு எண்ணுங்க, லைட்டு வந்துடும்."

அணைந்தது. கிணற்றின் மேல் ஒரு சின்ன லைட்டு மட்டும். ஜனம் சேர்ந்து எண்ணியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நான் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நாலு... அஞ்சு!"

வரவில்லை.

என் கை மறுபடி மெயின் சுவிட்சைத் தேடி மேலே போனது. கூட்டத்தில் யாரோ சிரித்துக்கொண்டே "ஆறு!" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். "ஏழு!" என்று ஊரே கத்தியது. அந்த இரண்டு எண்ணிக்கையில் நான் முதல் தடவையாக இருட்டைப் பார்த்தேன். யாரும் எழவில்லை. யாரும் ஓடவில்லை. எல்லாரும் அங்கேயே இருந்தார்கள், என்னோடு.

வெளிச்சம் வந்தது. மேடையில் விழவில்லை. ஜனத்தின் மேலேயே விழுந்தது, உட்கார்ந்திருந்த இடத்திலேயே, மஞ்சளாக, மெதுவாக. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வெளிச்சத்தைத் தேடி யாரும் எங்கேயும் நடக்க வேண்டியிருக்கவில்லை. குளத்துக் கதையைக் கேட்டுவிட்டு அவள் வெளிச்சம் விழுகிற இடத்தை மாற்றியிருக்கிறாள். முப்பது வருடம் அந்தக் கதையோடு படுத்து எழுந்த எனக்கு இது தோன்றவில்லை.

கச்சேரி முடிந்ததும் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, லைட்டு சூப்பரு. இந்தமாதிரி எங்க ஊர்ல பாத்ததே இல்ல." மைக்கில் பேசியவன்தான் லைட்டுக்காரன் என்று நினைத்துவிட்டார். நான் ஸ்டெல்லாவைக் கை காட்டினேன். காட்டினேன், ஆனால் உடனே காட்டவில்லை. அந்தப் பாராட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அவளிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "அஞ்சுன்னு சொல்லிட்டு ஏழு வரைக்கும் ஏன் இழுத்த? நெஞ்சு நின்னுடுச்சு எனக்கு."

அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஜனத்துக்கு அஞ்சு போதும் அங்கிள். மிச்சம் ரெண்டு உங்களுக்கு."

ஒயரின் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவருக்கு அப்படி ஒரு பரிசு கொடுக்கலாம் என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். தோன்றியதில்லை. அதற்கும் எரிந்தது.